பத்து நிமிஷ வேலை

மச்சான்,

உன் காரின் எண்ணெய் மணம் என் கையை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தேன். வினாகிரி ஊற்றிக் கழுவினேன். கோப்பிச் சக்கையால் தோல் சிவக்கும்வரை உரஞ்சினேன். நகத்தைச் சுற்றியிருக்கிற கறுப்புக் கோடு அசையவில்லை. இன்று காலை, கபோ சந்தைக்குள் நான் வேலை செய்கிற சாப்பாட்டுக் கடையில் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தபோது, சமையல் பார்க்கிற சிஞ்ஞோரா இரண்டு தரம் மோப்பம் பிடித்துவிட்டு, இங்கே யாரோ கராஜ் திறந்திருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். வெங்காயத்தையும் மீறி மணக்கிறதாம். என்னை எழுப்பிப் பாத்திரம் கழுவ அனுப்பிவிட்டாள். தொட்டியடியில் நின்று கழுவிக்கொண்டே உன்னை எப்படியெல்லாம் திட்டலாம் என்று யோசித்தேன். வாயால் திட்டித் திட்டிக் களைத்துப்போனதால் இப்போது எழுதுகிறேன்.

செத்தவர்களைத் திட்டக்கூடாது என்பார்கள். அப்படிச் சொன்னவர்கள் யாரும் உன் காருக்கு ஒயில் பில்டர் மாற்றிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த ஊருக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் வந்தோம். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறையில் ஒரே கட்டிலை மாறி மாறிப் பாவித்தோம். நீ வேலைக்குப் போக நான் படுப்பேன், நான் எழும்ப நீ வந்து விழுவாய். பிறகு நான் சமையலறைகளுக்குள் போய்விட்டேன். நீ சியாகுல்லிக்குப் போனாய், மந்தரின் தோடம்பழத் தோட்டத்துக்கு. தோட்டத்துச் சொந்தக்காரி சிஞ்ஞோரா உனக்கு வேலியோரத்தில் ஒரு சின்ன வீட்டைத் தந்து, மேட்டில் இருக்கிற தன் பெரிய வீட்டையும் மரங்களையும் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அங்கேதான், பழப்பெட்டி அடுக்குகிற கொட்டிலுக்குள், பழைய சாக்குகளுக்குக் கீழே அந்தக் காரைக் கண்டுபிடித்தாய். சிஞ்ஞோராவின் காலஞ்சென்ற கணவருடைய சின்னக் கார். நீயே எடுத்துக்கொள், கொட்டிலாவது காலியாகும் என்று அவள் சொன்னாளாம். அந்த மனுசி தெரியாமல் செய்த பாவம் அது.

ஒழுங்கான மனிதன் என்றால் அதைத் துடைத்து, ஓடவைத்து, சந்தைக்குப் போய்வந்திருப்பான். நீ கூரையை வெட்டினாய். பின்பக்கம் உழவு மெசினுக்குப் போடுகிற மாதிரி அகலச் சில்லுகள் பூட்டினாய். எங்கேயோ மோதுண்டு கிடந்த ஒரு பெரிய காரின் எஞ்சினைக் கழற்றிக்கொண்டு வந்து, யானையைப் பானைக்குள் அடைப்பதுபோல அந்தச் சின்ன வயிற்றுக்குள் அடைத்தாய். இது என்னடா கூத்து என்று கேட்டேன். இதற்குப் பெயர் ஹொட் ரொட் என்றாய். "பழைய உடம்புக்குள்ளை புதுப் பேயை ஏத்திறது, மச்சான்" என்று விளக்கமும் தந்தாய். வருடாந்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோன இடத்தில் அங்கிருந்த மனிதன் பொனட்டைத் திறந்தான், பார்த்தான், மூடினான், பிறகு சிலுவை போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு அது றோட்டுக்கு ஏறவேயில்லை. உன் வீட்டு வாசலிலிருந்து பெரிய வீட்டு முற்றம் வரைக்கும் போகிற மண்பாதைதான் அதன் உலகம். அந்தத் துண்டுப் பாதையில் ஏறி இறங்குவதற்கு அவ்வளவு பெரிய எஞ்சின்.

எதற்கெடுத்தாலும் நீ சொல்வது ஒன்றுதான்: "பத்து நிமிச வேலை." வதிவிட அனுமதி பெர்மெஸோவைப் புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிசுக்குப் போவதும் உனக்குப் பத்து நிமிஷ வேலை. விடியப் போய் வரிசையில் நின்று பொழுதுபடத் திரும்பி வருவோம். உன் வீட்டுக் குசினிக்குக் குழாய் பூட்டியதும் பத்து நிமிஷ வேலை. அன்று தோட்டத்துக்கே தண்ணீர் நின்றுபோய், சிஞ்ஞோரா மேட்டிலிருந்து கத்தியது எனக்கு இன்னும் கேட்கிறது. உன் வாயிலிருந்து வந்த பத்து நிமிஷங்களையெல்லாம் சேர்த்தால் என் வயதில் பாதி போயிருக்கும்.

உண்மையாகவே பத்து நிமிஷத்தில் நீ முடித்த வேலை ஒன்றே ஒன்றுதான். அதுதான் அந்த ஒயில் பில்டர். அதனால்தான் எனக்கு இவ்வளவு எரிச்சல்.

அது இருக்கிற இடத்தை நினைத்தாலே எனக்குத் தோள் நோகிறது. எஞ்சினுக்கும் சைலன்சர் குழாய்களுக்கும் நடுவில், ஸ்டியரிங் தண்டு குறுக்கே போகிற இடத்தில், டின்பால் பேணி அளவில், எண்ணெயை வடிகட்டுகிற ஒரு டப்பா. மேலிருந்து பார்த்தால் அதன் விளிம்பு தெரியும். கீழே படுத்துப் பார்த்தால் அதன் அடி தெரியும். கை போகிற வழி மட்டும் எந்தப் பக்கத்தாலும் தெரியாது. ஊசி போகிற இடத்தில் உலக்கையைப் போட்டது போதாதென்று, அந்த உலக்கைக்குப் பின்னால் பில்டரையும் ஒளித்து வைத்திருக்கிறாய். எஞ்சினைக் கொஞ்சம் இடது பக்கம் தள்ளி வைத்திருந்தால் ஒரு முழுக் கையும் ஸ்பனரும் தாராளமாகப் போயிருக்கும். ஏன் அப்படி வைக்கவில்லை என்று பலமுறை கேட்டேன். அதுக்கொரு கணக்கு இருக்கு என்பாய். உன் கணக்கு எனக்குத் தெரியாததா என்று நானும் விட்டுவிட்டேன்.

வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றுகிற நாளில் என்னையும் கூப்பிடுவாய். ஞாயிற்றுக்கிழமை காலை. நானும் நீயும் காட்போட் மட்டையை விரித்துக் காருக்குக் கீழே படுத்து, பழைய எண்ணெயைத் தட்டில் வடிய விடுவோம். எண்ணெய் முழங்கை வழியாக அக்குளுக்குள் ஓடும். நாற்றம், கறுப்பு, சிரிப்பு. அது வடிந்து முடிகிற நேரத்தில் நீ எழும்பித் தூசியைத் தட்டிக்கொண்டு, "மச்சான், நீ ஓடிப்போய்ப் பாண் வாங்கிக்கொண்டு வா, உள்ளை சம்பல் இடிக்கினம்" என்பாய். தோட்டத்து முடக்கிலேயே ரொட்டி சுடுகிற ஒரு பாண் கடை இருந்தது. அது உனக்குச் சரிவராது. எள்ளுப் போட்ட பாண் நல்லது என்று தூரத்தில் இருக்கிற கடைக்கு அனுப்புவாய். எப்படிப் பில்டரைக் கழற்றுகிறாய் என்று ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று நான் ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வருவேன். வந்து சேர்ந்தால் எல்லாம் முடிந்திருக்கும். நீ நெற்றியில் எண்ணெய்க் கறையோடு, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, கல்யாண மாப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு நிற்பாய். எப்படியடா என்று கேட்டால், வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பாய். பிறகு உன் மனைவி தேத்தண்ணி கொண்டுவருவாள். அந்தத் தேத்தண்ணியில் எப்போதும் லேசாக எண்ணெய் மணக்கும். என் கைதான் மணக்கிறது என்று நினைத்துக்கொண்டு குடிப்பேன்.

போன வருடம் தையில், பழம் பறித்துக்கொண்டிருந்தபோது, பெட்டியை மரத்தடியில் இறக்கி வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தாய். அவ்வளவுதான். அதற்குப் பத்து நிமிஷம்கூட எடுக்கவில்லை என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள்.

கார் கொட்டிலுக்குள் நின்றது. யாரும் தொடவில்லை. உன் ஆண்டுத் திவசம் முடிந்த கையோடு மாசியில் உன் மகளுக்குக் கல்யாணம் என்று முடிவானது. மாப்பிள்ளை கத்தானியாவில் வேலை செய்கிறவன், நல்ல பெடியன், கார் என்றால் உயிராம். சிஞ்ஞோரா பெரிய வீட்டு முற்றத்தைக் கல்யாணத்துக்குத் தந்தாள். மணவறை அங்கேதான். உன் மகள் சேலையும் கேட்கவில்லை, நகையும் கேட்கவில்லை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பாவின்ரை காரிலைதான் நான் மணவறைக்குப் போவன், மாமா. அது ஓடாட்டி நான் நடந்து போறன், வேறை கார் வேண்டாம்" என்றாள். அவளுக்கு வாய்த்த பிடிவாதம் யாருடையது என்று உனக்குத் தெரியும். நானும் ஆழம் தெரியாமல் காலை விட்டேன். அதுக்கென்ன பிள்ளை, பத்து நிமிச வேலை என்றேன். உன் வாய் எனக்கும் தொற்றிவிட்டது.

பற்றரி மாற்றி, பெற்றோல் ஊற்றி, எஞ்சினைக் கிளப்பினால் உன் பேய் ஒரே முறுக்கில் எழும்பிவிட்டது. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அந்தச் சந்தோசம் புகை வரும்வரைதான். ஈரத்தில் நின்று பில்டரின் விளிம்பு துருப்பிடித்து, எண்ணெய் கசிந்து, நேராகச் சூடான சைலன்சர் குழாயில் சொட்டிக்கொண்டிருந்தது. கொட்டில் முழுக்க நீலப் புகை. கூறைச்சேலையோடு ஒரு பெண்ணை அதற்குள் ஏற்றினால், தலைமுழுகிய பிள்ளைக்குச் சாம்பிராணி பிடித்த மாதிரித்தான் மணவறைக்கு இறங்குவாள். பில்டரை மாற்றாமல் கார் அசையாது. கல்யாணத்துக்கு ஒரு கிழமைகூட இல்லை.

வேலை முடிந்து தினமும் பின்னேரம் ஸ்கூட்டரில் சியாகுல்லிக்குப் போனேன். மேலிருந்து கையை விட்டேன். மணிக்கட்டோடு நின்றது. கீழிருந்து விட்டேன். முழங்கை மடங்கவில்லை. பெல்ட் போட்டுத் திருகுகிற சாவி ஒன்று வாங்கினேன். அதை பில்டரில் கொழுவ முடிந்தது, திருப்ப இடமில்லை. சின்னச் சாவி வாங்கினேன். அது திரும்பியது, பில்டர் திரும்பவில்லை. விரல் மொளிகளில் தோல் இல்லை. தலைகீழாகத் தொங்கியதில் கண்ணுக்குள் துரு விழுந்தது. நீ மேலே இருந்து பார்த்துச் சிரித்திருப்பாய் என்று நினைத்து, முகட்டைப் பார்த்து இரண்டு வார்த்தை சொன்னேன். அவற்றை இங்கே எழுத முடியாது.

இதையெல்லாம் உன் மனைவி பார்த்துக்கொண்டுதான் நின்றாள். நான் அவளை எப்போதும் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். தங்கச்சி தேத்தண்ணியைக் கொண்டுவந்து கொட்டில் வாசற்படியில் வைப்பாள். வாசலைத் தாண்டி ஒரு அடி உள்ளே வரமாட்டாள். கையை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டு, எட்டிப் பார்த்தபடி நிற்பாள். உன்னைக் கொண்டுபோன தோட்டம், உன் காசையும் நேரத்தையும் தின்ற கார், அவளுக்கு வெறுப்பாக இருக்கும் என்று நான் எண்ணிக்கொண்டேன். கரி பிடித்த வேலை, நீங்கள் உள்ளே போங்கோ என்று ஒவ்வொரு நாளும் சொன்னேன். அவளும் போய்விடுவாள்.

கடைசியில் எனக்குப் பொறுமை போய்விட்டது. பெரிய ஸ்குரூ டிரைவர் ஒன்றை எடுத்தேன். அதை பில்டரின் வயிற்றில் குத்தி, மறுபக்கத்தால் வெளியே எடுத்து, அதையே பிடியாக வைத்துத் திருகுவது என்று முடிவு செய்தேன். சுத்தியலை ஓங்குகிற நேரத்தில் வாசலிலிருந்து குரல் வந்தது.

"அண்ணை, அதைக் குத்தாதேங்கோ. தகரம் கிழிஞ்சுதெண்டால் பிறகு பிடிக்க ஒண்டும் இராது. இவரும் முதல் வருசம் அப்பிடிக் குத்திப்போட்டுத்தான் கிடந்து பட்டவர்."

பிறகு அவன் எப்படித்தான் கழற்றினான் என்று கேட்டேன். என் குரலில் இருந்த எரிச்சல் அவளுக்கானதில்லை, உனக்கானது. அவள் தன் கையை ஒருமுறை பார்த்தாள்.

"அவர் கழட்டேல்லை அண்ணை. நான்தான் கழட்டுறனான்."

சுத்தியலை வைத்துவிட்டு நான் அப்படியே பழப்பெட்டியில் உட்கார்ந்தேன். தங்கச்சி வாசலில் நின்றபடியே சொன்னாள். என்னைப் பாணுக்கு அனுப்பிய கையோடு நீ அவளைக் கூப்பிடுவாயாம். அவள் வளையலைக் கழற்றி யன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, முழங்கை வரைக்கும் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு, மேலிருந்து கையை விடுவாளாம். நீ கீழே படுத்து டோர்ச் பிடிப்பாயாம். முதல் வருடம் உனக்கு வெட்கமாம், மனிசி திருத்தித் தந்தவள் என்று ஊர் சிரிக்கும் என்று; அதனால்தான் முதலில் நீயே குத்திப் பார்த்தாயாம். அடுத்த வருடம் அது உங்கள் இருவருக்கும் ஒரு விளையாட்டாகிவிட்டதாம். "நீங்கள் பாணோடை ஓடி வாறதை யன்னலாலை பாத்துச் சிரிப்பம், அண்ணை. குறை நினைக்காதேங்கோ" என்றாள்.

குறை நினைக்கவில்லை. எத்தனை வருடம் மச்சான், எள்ளுப் பாணைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான் மூச்சிரைக்க ஓடிவந்தேன்.

எஞ்சினை ஏன் அந்தக் கோணத்தில் வைத்தாய் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. உன் கணக்கு. எஞ்சினை இறக்குகிற அன்று அவளைக் கூப்பிட்டு, உள்ளே கையை விட்டுப் பார்க்கச் சொல்லி, அவளுடைய கை போய்வருகிற இடைவெளியை அளவாக வைத்துப் பூட்டியிருக்கிறாய். உன் கையும் போகாது, என் கையும் போகாது, இந்த ஊரில் எந்த மெக்கானிக்கின் கையும் போகாது. அவளிடம் சொன்னாயாம்: "உன்னை விட்டிட்டு இந்தக் கார் ஒருநாளும் ஓடாது." நான் உன்னை மடையன் என்று திட்டியபோதெல்லாம் வாயை மூடிக்கொண்டு நின்றாயே, அதை நினைக்க எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

சரி, அப்படியென்றால் வாருங்கோ, கையை விடுங்கோ என்றேன். அவள் அசையவில்லை.

"நான் தொடலாமோ, அண்ணை? இது கலியாணப் பொம்பிளை போற காரெல்லோ."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் மெல்ல மெல்லச் சொன்னாள். கனடாவிலிருந்து உன் அக்கா போனில் எல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். உன் அக்காவும் அத்தானும்தான் தாரை வார்த்துக் கொடுக்க வருகிறார்கள். தாலி இழந்தவள் கூறையைத் தொடக்கூடாது, ஆலாத்தித் தட்டைத் தொடக்கூடாது, பெண் வெளிக்கிட்டு வரும்போது முன்னால் நிற்கக்கூடாது, பெண் ஏறுகிற காருக்குக் கிட்டவும் போகக்கூடாது. உன் அக்கா கெட்டவள் இல்லை, அது எனக்குத் தெரியும். தம்பியைப் பறிகொடுத்த பயத்தில், பிள்ளைக்காவது ஒன்றும் ஆகக்கூடாது என்று பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தங்கச்சியும் தன் பிள்ளைக்குப் பயந்துதான் தலையாட்டியிருக்கிறாள். அதனால்தான் அந்த வாசல்கட்டு. அதனால்தான் முந்தானைக்குள் கை. நான் வேறு, கரி பிடித்த வேலை உள்ளே போங்கோ என்று தினமும் துரத்தியிருக்கிறேன்.

எனக்கு நல்ல வார்த்தை பேசத் தெரியாது. கோபம் வந்தால்தான் எனக்குப் புத்தி வேலை செய்யும். "தங்கச்சி, இந்தக் காரைப் பூட்டினதே உங்கடை கையாலை. இதுக்குள்ளை இருக்கிற ஒவ்வொரு பில்டரும் உங்கடை கை பட்டது. இனிப் புதுசாத் தொட என்ன கிடக்கு?" என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன்.

அவள் திரும்பி வீட்டுக்குள் போனாள். கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று நினைத்து என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது தேங்காய் எண்ணெய்ப் போத்தல் கையில் இருந்தது. மிச்சமாகப் போட்டிருந்த ஒற்றை வளையலைக் கழற்றி, யன்னல் விளிம்பில் வைத்தாள். வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள்.

"கீழை ஆரும் லைட் பிடிக்க வேணும்" என்றாள்.

உன் இடத்தில் நான் படுத்தேன், மச்சான். அதே மட்டையில். உன் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தால், குழாய்களுக்கு நடுவால் அவள் கை மெல்ல இறங்கி வந்தது. எந்த இடத்தில் மடங்க வேண்டும், எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. பில்டரைச் சுற்றி விரல்கள் பிடித்தன. பிறகு அப்படியே நின்றன. இறுகிவிட்டதாக்கும் என்று நினைத்தேன். மேலே மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. டோர்ச்சை ஆடாமல் பிடித்தேன்.

"பிடிச்சிருக்கிறீங்களோ?" என்றாள்.

"ஓம்" என்றேன்.

திருகினாள். பழைய எண்ணெய் ஒரு சொட்டு நேராக என் நெற்றியில் விழுந்தது. பில்டர் கீழே என் கைக்கு வந்தது. பழைய ரப்பர் வளையம் மேலே ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்று விரலால் சுற்றித் தடவிப் பார்த்தாள். அது நின்றுவிட்டால் புதியது எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகுமாம், நீதான் சொல்லியிருக்கிறாய். புதிய பில்டரின் வளையத்தில் நான் எண்ணெய் தொட்டுப் பூசி மேலே நீட்டினேன். அவள் வாங்கி, கண்ணால் பார்க்காமலே பிடித்து, சுற்றி, கை இறுக்கத்தோடு விட்டாள். சாவி போடக்கூடாது, கை இறுக்கம் போதும் என்பதும் உன் சொல்தானாம். எஞ்சினைக் கிளப்பினோம். ஒரு சொட்டு ஒழுக்கும் இல்லை, புகையும் இல்லை. எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

"இனி நீங்கள் பாணுக்கு ஓடத் தேவையில்லை, அண்ணை" என்றாள் தங்கச்சி. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "எண்டாலும் வீட்டிலை பாண் இல்லை" என்றாள். நான் போனேன். தூரத்துக் கடைக்குத்தான் போனேன், ஏனென்று கேட்காதே.

கல்யாணத்தன்று காலையில் காரைக் கழுவி, செவ்வந்தி மாலை போட்டு வாசலில் நிறுத்தினேன். சில்லுக்குக் கீழே வைக்க எலுமிச்சம்பழத்துக்குப் பதிலாக, நீ எப்போதும் செய்கிறமாதிரி உன் தோட்டத்து மந்தரின் பழங்களையே வைத்தேன். உன் மகள் கூறையோடு பின் ஆசனத்தில் ஏறினாள், பக்கத்தில் தோழி. ஸ்டியரிங்கில் நான், பக்கத்து முன் ஆசனம் காலியாக இருந்தது. உன் அக்கா எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு, தங்கச்சியைப் பார்த்து, நீ பின்னாலே சனத்தோடு நடந்து வா என்று மெதுவாகத்தான் சொன்னாள். தங்கச்சியும் முந்தானைக்குள் கையைச் சுற்றிக்கொண்டு ஒதுங்கினாள். உன் மகள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது. கல்யாண வீட்டில் யாரோடு நான் சண்டை போட? சாஸ்திரம் எனக்குத் தெரியாது. கார்தான் கொஞ்சம் தெரியும்.

எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினேன். "அக்கா, பில்டர் புதுசு. ஏத்தத்திலை புகை வந்தால் உடனை பாக்கத் தெரிஞ்ச ஆள் ஒண்டு முன்னாலை இருக்கோணும். இல்லாட்டி நான் எடுக்கமாட்டன்" என்றேன்.

அப்படியென்றால் யாராவது மெக்கானிக்கைக் கூப்பிடு, நேரம் போகிறது என்றாள் உன் அக்கா. நான் தங்கச்சியைக் காட்டினேன். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டாள். நான் வாயெடுக்க முன்னம் தங்கச்சியே பேசினாள். சத்தமில்லாமல், எல்லோருக்கும் கேட்கும்படி.

"எனக்குத்தான் தெரியும், மச்சாள். உங்கடை தம்பிக்குத் தெரியாது. எப்பவும் நான்தான் மாத்துறனான். இந்த முறையும் நான்தான் மாத்தினனான்."

சொல்லிவிட்டுக் கையை முந்தானையிலிருந்து எடுத்து நீட்டினாள். அவள் நகத்தைச் சுற்றியும் அதே கறுப்புக் கோடு. உன் அக்கா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு மனம் மாறிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். மணவறையில் தங்கச்சியைத் தூரத்தில்தான் இருக்கவைத்தாள், ஆலாத்தியை வேறு ஆட்களைக் கொண்டுதான் எடுப்பித்தாள். ஆனால் அந்த நேரத்தில் கார்க் கதவைத் திறந்து விட்டதும் உன் அக்காதான். சரி ஏறு, புகை வந்தால் சொல்லு என்றாள்.

புகை எங்கே வர? மந்தரின் பழங்கள் சில்லுக்குக் கீழே நசுங்கி மணக்க, உன் பேய் உறுமிக்கொண்டு ஏற்றத்தில் ஏறியது. இரண்டு பக்கமும் பழம் தொங்குகிற மரங்கள். தங்கச்சி முன்னால் நிமிர்ந்து இருந்தாள். உன் மகள் பின்னாலிருந்து கையை நீட்டித் தாயின் தோளைப் பிடித்துக்கொண்டாள், முற்றம் வரும்வரை விடவில்லை. அந்தத் துண்டுப் பாதைக்கு எதற்கு அவ்வளவு பெரிய எஞ்சின் என்று இனி நான் கேட்கமாட்டேன்.

நேற்று மருமகன் விருந்துக்கு நானும் போயிருந்தேன். பெடியன் சாப்பிட்டுக் கை கழுவியதும் கழுவாததுமாகக் கொட்டிலுக்குப் போய்ப் பொனட்டைத் திறந்துவிட்டான். உள்ளே தலையை விட்டு, டெலிபோன் வெளிச்சத்தில் இடமும் வலமும் பார்த்து, "மாமா, இதுக்குள்ளாலை எப்பிடி பில்டரை மாத்துறது? கை போகாதே" என்று கேட்டான். தேத்தண்ணித் தட்டோடு வந்த தங்கச்சி, தட்டை என் கையில் தந்துவிட்டு வளையலை ஒருமுறை மேலே தள்ளிக்கொண்டாள்.

"அது பத்து நிமிச வேலை, தம்பி" என்றாள். "அந்த நாள் வரேக்கை நீங்கள் போய்ப் பாண் வாங்கிக்கொண்டு வாங்கோ."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நீ போனபிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததை நேற்றுத்தான் பார்த்தேன். தேத்தண்ணியில் எண்ணெய் மணத்தது. யாருடைய கை மணக்கிறது என்று இப்போது தெரியும், குடித்தேன்.

உன் டோர்ச்சை நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், மச்சான். கேட்டுக்கொண்டுதான் எடுத்தேன். ஸ்கூட்டர் பெட்டிக்குள் கிடக்கிறது. அடுத்த வருடம் மட்டையில் படுக்கப் போவது நான், லைட் பிடிக்கப் போவதும் நான். உன்னைத் திட்டுவதை நிறுத்துவேன் என்று நினைக்காதே, நெற்றியில் எண்ணெய் விழும்போதெல்லாம் திட்டுவேன்.

மருமகன் நேற்று வெளிக்கிடும்போது, பாண் எங்கே வாங்குவது என்று கேட்டான். முடக்கில் இருக்கிற கடையை நான் காட்டவில்லை. தூரத்துக் கடைக்குத்தான் வழி சொல்லிக் கொடுத்தேன்.